உப்பளத்து வெயிலை அளக்க வாங்கிய கருவி: இரண்டு சீசன் கழித்து எழுதுகிறேன்

பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருக்க முடிந்தவர்கள்தான் இதை வாங்க வேண்டும். ஸ்டாண்டில் மாட்டி வெயிலில் நிறுத்திவிட்டு, நம் நிழல் அதன் மேல் விழாதபடி நாலடி தள்ளி நிற்க வேண்டும். உச்சியில் இருக்கும் கறுப்பு உருண்டை வெயிலை வாங்கி நிலைக்கு வரும்வரை திரையில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் நாள் என் மாணவிகள் ஆன் செய்த இரண்டாவது நிமிடமே 28.4 என்று நோட்டில் எழுதிவிட்டார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் அதே இடத்தில் 31.2 காட்டியது. அந்த மூன்று டிகிரிக்குள்தான் ஒரு ஆள் தொடர்ந்து வேலை செய்யலாமா, நிழலுக்குப் போய் உட்கார வேண்டுமா என்பதே இருக்கிறது.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் சமுதாய நலச் செவிலியம் நடத்துகிறேன். அதற்கு முன்பு ஆறு வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இங்கே எழுதுவது கையடக்க டபிள்யூ.பி.ஜி.டி. மீட்டரைப் பற்றி. வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர் என்பதன் சுருக்கம் அது; வெயில், ஈரப்பதம், காற்றுச் சூடு மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். என் சொந்தக் காசில், 12,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக, ஆன்லைனில் வாங்கினேன். பிராண்ட் பெயரை எழுதவில்லை. இதே உடம்பு, இதே பட்டன், மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் வேறாக நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். அதனால் நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த விலையில் கிடைக்கும் எந்த மீட்டருக்கும் பொருந்தும்.

ஒரு நர்சிங் டீச்சருக்கு வெயில் அளக்கும் கருவி எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள், கல்லூரியிலும் கேட்டார்கள். கடைசி வருட ப்ராஜெக்டுகளை வழிநடத்தியவர்களுக்கு இது புரியும். தலைப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரும்: தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமத்தில் இன்னாரிடையே இன்னது குறித்த அறிவின் மீது திட்டமிட்ட கற்பித்தலின் பயனை மதிப்பிடும் ஆய்வு. முப்பது கேள்வியுள்ள தாளில் முன்தேர்வு, சார்ட்டும் ஃபிளாஷ் கார்டும் வைத்து அரைமணி நேரப் பாடம், ஏழாம் நாள் அதே தாளில் பின்தேர்வு. மார்க் கூடியிருக்கும். நானும் இப்படித்தான் செய்து தேறினேன். கேள்வித்தாள் தயாரிப்பது, அதன் நம்பகத்தன்மையைச் சோதிப்பது, அறுபது பேரிடம் சம்மதம் வாங்குவது எல்லாமே பிள்ளைகள் கற்க வேண்டிய வேலைகள்தான். ஆனால் அறிவுதான் குறை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு ஊருக்குள் போகிறோமே, அது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு குழு உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பநோய் பற்றிய அறிவை அளக்கப் போனது. நானும் கூடப் போனேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு அக்கா, காலில் கிழிந்த ரப்பர் பூட்ஸ், முகத்தைச் சுற்றித் துண்டு. கேள்விகளுக்கெல்லாம் டக்டக்கென்று சரியான பதில் சொன்னார். தாகம் எடுக்கும்முன் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆமாம். தலை சுற்றினால் நிழலுக்குப் போக வேண்டும், ஆமாம். பேனாவை மூடும் நேரத்தில் சொன்னார்: "எல்லாம் தெரியும் சிஸ்டர். தண்ணி குடிச்சா ஒதுங்கணும்ல? ஒதுங்க எங்க போக? சுத்திப் பாருங்க, ஒரு செடி நிக்கா?"

சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை பாத்திகளும், வெள்ளை வெளேரென்று அம்பாரங்களும், தூரத்தில் ஒரு தகரக் கொட்டகையும்தான். அந்த அக்காவுக்கு முப்பதுக்கு இருபத்தேழு மார்க் போட்டோம். அன்று இரவு நான் தேடிய முதல் சொல் டபிள்யூ.பி.ஜி.டி.

தேடியபோது நம் ஊர் ஆய்வுகளே கிடைத்தன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்திருக்கிறது. பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வும் அதே நிறுவனத்திலிருந்து வந்தது. வேலையிடத்தில் கடும் வெப்பத்துக்கு ஆளான பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்கின்றன. அந்த அக்கா ஒரே வாக்கியத்தில் சொன்னது அதுதான். இந்த ஆய்வுகளில் எல்லாம் வெப்பத்துக்கு அளவுகோல் டபிள்யூ.பி.ஜி.டி.

சரி, இது அளப்பது என்ன? போனில் 34 டிகிரி என்று காட்டுகிறது. அது நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த தெர்மாமீட்டரின் கணக்கு. உப்பளத்தில் நிற்பவருக்கு அந்தப் பெட்டி இல்லை. மேலிருந்து வெயில், கீழே உப்பின் வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும் வெயில், கடற்கரை ஈரக்காற்று. வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த அளவீட்டில் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண்ணுக்கு, 70 சதவீத எடை. கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பநிலைக்கு 20. சாதாரணக் காற்று வெப்பநிலைக்கு வெறும் 10.

வகுப்பில் இதைக் கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஈரக்குமிழ் 27, உருண்டை 46, காற்று 34 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18.9, 9.2, 3.4. கூட்டினால் 31.5. ஒரு தடவை கையால் போட்டவர்கள் அப்புறம் இந்த எண்ணைச் சாதாரண டிகிரியோடு குழப்பிக்கொள்வதில்லை. 31.5 என்றதும் "அவ்வளவுதானா, ஊட்டி மாதிரி இருக்கே" என்று யாரும் சொல்லாமல் இருக்க இது அவசியம். இன்னொரு குழப்பமும் உண்டு. மனித உடம்பால் தாங்கக்கூடிய எல்லை ஈரக்குமிழ் 35 டிகிரி என்று செய்தித்தாள்களில் வருவது வேறு அளவு. பென்சில்வேனியாவில் இளம் ஆரோக்கியமானவர்களைச் சோதனை அறையில் வைத்துப் பார்த்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஈரப்பதம் மிகுந்த சூழலில் அந்த எல்லை 31-க்கும் சற்றுக் கீழேயே வந்துவிட்டது. அது ஈரக்குமிழ் மட்டும். நம் மீட்டர் காட்டுவது மூன்றும் சேர்ந்த கலவை. இரண்டையும் ஒரே வரியில் எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை நானே திருத்தியிருக்கிறேன்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் பாரிஸ் தீவு என்ற மரைன் பயிற்சி முகாமில், பயிற்சி வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுவதைத் தடுக்க 1950-களில் யாக்லோ, மினார்ட் என்ற இருவர் கொண்டுவந்த கணக்கு இது. இப்போது ஐ.எஸ்.ஓ. 7243 என்ற உலகத் தரமாக நிற்கிறது. வெயிலுக்குப் பழகிய ஆளுக்கு இலேசான வேலையில் 30, நடுத்தர வேலையில் 28, கடின வேலையில் 26 என்பதே வரம்பு என்று அந்தத் தரம் சொல்கிறது. பழகாதவருக்குக் கடின வேலையில் 23. பலகை போட்டு உப்பை வாருவதும், தலையில் தூக்கிப்போய் அம்பாரத்தில் கொட்டுவதும் எந்தக் கணக்கிலும் கடின வேலைதான். ஏப்ரலில் நாங்கள் அளந்த முதல் காலை, எட்டு மணிக்கே 27.8. விடிவதற்கு முன்பே ஏன் வேலையைத் தொடங்குகிறார்கள் என்று பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டி வரவில்லை.

இனி கருவி. டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே பிங்பாங் பந்து அளவில் மங்கலான கறுப்பு உலோக உருண்டை, பக்கத்தில் சின்னக் கூண்டுக்குள் காற்று வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் சென்சார். பழைய கருவிகள்போலத் திரி கட்டி, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஈரக்குமிழை இது கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறது. ரிமோட்டுக்குப் போடும் சின்ன செல்களில் ஓடுகிறது. ஒரு சீசன் முழுக்க ஒரு ஜோடி போதுமானதாக இருந்தது. எடை குறைவு, பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகலாம். நர்சிங் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்வார்கள். இவ்வளவும் நல்ல விஷயம்.

மோட் பட்டன் விஷயத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே, வெளியே என்று இரண்டு நிலை உண்டு. கூரைக்குக் கீழே அளக்கும்போது காற்று வெப்பத்தை விட்டுவிட்டு உருண்டைக்கு 30 சதவீதம் கொடுக்கும் கணக்கு. அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் கருவி உள்ளே என்ற நிலைக்குத் தானாகப் போய்விடுகிறது. மேலே சொன்ன அதே எண்களை அந்த நிலையில் போட்டால் 31.5-க்குப் பதில் 32.7 வரும். முதல் மாதம் எடுத்த அளவுகளில் பாதி எந்த நிலையில் எடுத்தது என்று தெரியாமல் போய், அத்தனையையும் தள்ளிவைத்தோம். அறுபத்தி இரண்டு அளவுகள். வெயிலில் நின்று எடுத்தவை. அந்தப் பிள்ளைகள் முகம் வாடிப்போனது. ஆனால் தள்ளத்தான் வேண்டும் என்று அவர்களில் ஒருத்தியே சொன்னாள். அதற்கப்புறம் நோட்டில் நேரம், இடம், நிலை, மேகம், காற்று என்று ஐந்து கட்டம் போட்டு, நிலையை எழுதாத வரியை எடுத்துக்கொள்வதில்லை என்று வைத்தோம்.

தானாக அணைவதும் ஒரு தொல்லை. இருபது நிமிடம் பட்டனைத் தொடாவிட்டால் அணைந்துவிடும். பதினைந்து நிமிடம் தொடாமல் இருக்கச் சொல்லும் கருவிக்கு இது பொருத்தமில்லாத ஏற்பாடு. நிறுத்த வழி இருக்கிறது: ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஆன் செய்ய வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மே மாத நடுப்பகலில் திரை மொத்தமாகக் கறுத்தது. செத்துவிட்டது என்றே நினைத்தோம். நிழலில் ஈரத்துணிக்குப் பக்கத்தில் வைத்ததும் தெளிந்தது. கையில் பிடித்து அளக்கவே கூடாது, உள்ளங்கைச் சூடு போதும் எண்ணைக் கெடுக்க. ஸ்டாண்ட் கூட வராது. பின்னால் திருகு இருக்கிறது, போன் டிரைபாட் சரியாகப் பொருந்தும். நின்று வேலை செய்பவருக்கு உருண்டை தரையிலிருந்து 1.1 மீட்டரில், அதாவது வயிற்று உயரத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 0.6 மீட்டர். டிரைபாடின் காலில் இரண்டு உயரத்துக்கும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறோம்.

உருண்டை சின்னது என்பதையும் சொல்லியாக வேண்டும். தரம் கேட்பது 150 மில்லிமீட்டர் உருண்டை. இதில் இருப்பது 40. சின்ன உருண்டையிடமிருந்து காற்று வெப்பத்தை வேகமாக எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கடற்காற்று வீசும் இடத்தில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். எங்களுக்கு இது ஒருவகையில் தைரியம் கொடுத்தது. குறைத்துக் காட்டும் கருவியிலேயே வரம்பு தாண்டுகிறது என்றால், உண்மை நிலைமை அதைவிட மோசம். ஆனால் எம்.எஸ்சி. தீசிஸுக்கோ, பத்திரிகையில் வெளியிடவோ பயன்படுத்துபவர்கள் உருண்டையின் விட்டத்தை முறையியல் பகுதியில் கட்டாயம் எழுதுங்கள். பெரிய உருண்டை வைத்த கருவியோடு பக்கத்தில் வைத்து ஒரு நாளாவது ஒப்பிட்டுக்கொள்வது இன்னும் நல்லது. அந்தக் கருவிகளின் விலை லட்சக் கணக்கில் போகும், வாங்க வேண்டாம், இருக்கும் துறையில் கேட்டு வாங்கலாம்.

விற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை. அளவுத்திருத்தச் சான்றிதழ் உண்டு என்று போட்டிருந்தார்கள். வந்தது ஒரு ஜெராக்ஸ். அதிலிருந்த சீரியல் நம்பர் என் கருவியின் முதுகில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. மூன்று மெயில், இரண்டு போன், ஐந்து வாரம். கடைசியில் சரியான தாள் வந்தது. வாங்கினால் பார்சலைப் பிரிக்கும்போதே இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தேதியையும் பாருங்கள்.

அந்த ஐந்து வாரக் காத்திருப்பில்தான் எனக்கு இந்தக் கருவியோடு நிஜமான பழக்கம் ஏற்பட்டது. ஈரப்பத சென்சார் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க உப்பே போதும். மூடிய பெட்டிக்குள் கரையாத உப்பு மிச்சம் இருக்கும் அளவுக்கு நனைத்த உப்பை வைத்தால், உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். நம் அறைச் சூட்டில் இது அநேகமாக மாறவே மாறாது. பெரிய எவர்சில்வர் தூக்குவாளி எடுத்தோம். அடியில் ஒரு கிண்ணத்தில் உப்பள அக்கா ஒருவர் கொடுத்த கல்லுப்பு நாலு கை, அது ஈரமணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கருவி உப்பில் படாமலிருக்கக் குறுக்கே இரண்டு ஸ்கேல் வைத்து அதன்மேல் படுக்கப் போட்டோம். மூடியைச் சுற்றி டேப். சாயங்காலம் வைத்து மறுநாள் காலை எல்லாரும் லேபில் கூடித் திறந்தபோது 74 என்று இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எந்த உப்பை வாருபவர்களுக்காகக் கருவியை வாங்கினோமோ, அந்த உப்பே கருவிக்குச் சாட்சி சொன்னது என்பதை நான் இப்போதும் ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் சொல்கிறேன்.

சோதனை இல்லாமல் நம்பக் கூடாது என்பதற்கும் அதே வாளிதான் காரணம். முதல் சீசன் முடிந்ததும் மறுபடி வைத்துப் பார்த்தோம். 70. உப்புத்தூள் சென்சார் கூண்டுக்குள் போய்ப் படிந்திருக்கிறது. நாலைந்து சதவீதம் குறைவு என்றால் எங்கள் ஊர் வெயிலில் கடைசி எண்ணில் ஏறத்தாழ அரை டிகிரி குறையும். மாதம் ஒருமுறை வாளிச் சோதனை, வித்தியாசத்தை நோட்டில் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். உப்பளத்துக்கோ மீன்பிடித் துறைமுகத்துக்கோ எடுத்துப் போகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். நெல்வயல், செங்கல் சூளை என்றால் வருடம் ஒருமுறை போதுமாயிருக்கும்.

இந்தக் கருவியால் எங்களுக்குக் கிடைத்த பெரிய விஷயம் அந்தத் தகரக் கொட்டகையில் கிடைத்தது. தொழிலாளர்கள் இளைப்பாற என்று கட்டியது அது. மூன்று பக்கமும் தகரம், கூரையும் தகரம், உயரம் ஏழடி. பதினொன்றரை மணிக்கு வெளியே வெயிலில் 32.6. கொட்டகைக்குள் நிலையை மாற்றி, இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தால் 32.1. மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி அளக்கலாமா மேடம் என்றாள். மறுபடி அளந்தோம். 32.2. தலைக்கு மேல் ஒரு முழம் தூரத்தில் தகரம் காய்ந்து அடுப்புபோல வெப்பத்தைக் கீழே இறக்குகிறது, காற்றும் நுழையவில்லை. தலை சுற்றினால் நிழலுக்குப் போங்கள் என்று முந்தின வருடம் நாங்கள் ஃபிளாஷ் கார்டில் காட்டிய நிழல் இதுதான். அந்த நிழலில் இளைப்பாறினால் உடம்பு ஆறாது. இதை எந்தக் கேள்வித்தாளும் எங்களுக்குச் சொல்லியிருக்காது.

அந்த எண்களை ஒரு தாளில் எழுதி உப்பள உரிமையாளரிடம் காட்டினோம். குற்றம் சாட்டும் தொனியில் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கூட்டிப் போனேன். அவர் தானே கொட்டகைக்கு வந்து, உட்கார்ந்து, திரையைப் பார்த்தார். இரண்டு பக்கத் தகரத்தைக் கழற்றிவிட்டுக் கூரைக்குக் கீழே பனையோலை வேய்ந்து கொடுத்தார். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அளந்தபோது வெளியே 32.4, உள்ளே 29.7. செலவு அவருக்கும் பெரிதில்லை. கூடவே மண்பானையும், ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைக்கும் ஏற்பாடும் வந்தன. வெயிலில் கடினமாக உழைப்பவர் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தோம், ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உடம்பில் நீர் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆண்களின் எடை இழப்பு பந்தலுக்கும் பானைக்கும் பிறகு குறைந்தது. பெண்களுடையது அவ்வளவு அசையவில்லை. காரணம் எங்களுக்கு முன்பே சொல்லப்பட்டது. கழிப்பறை இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ரிசர்ச் என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் நான் லிண்டா ஐக்கன் பற்றிச் சொல்வேன். அவர் ஒரு நர்ஸ். ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பது உயிர்ப் பிரச்சினையா என்று அளந்து பார்த்தார். 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவர் குழுவின் ஆய்வு 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளின் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளைப் பார்த்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. பட்டம் படித்த நர்ஸுகள் 10 சதவீதம் கூடினால் அதே 7 சதவீதம் குறைகிறது. வார்டில் இரவு டியூட்டியில் நாற்பது பேருக்கு ஒருத்தியாக நின்ற எனக்கு அந்த எண்ணைப் படித்தபோது தொண்டை அடைத்தது. நாங்கள் உடம்பால் அறிந்திருந்ததை ஒருவர் எண்ணிக் காட்டியிருக்கிறார். அகமதாபாத்திலும் இதே கதைதான். 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கணக்கிட்டார்கள், 2013-ல் வெப்பச் செயல்திட்டம் வந்தது, மருத்துவப் பணியாளர்களுக்கு வெப்பநோய்ப் பயிற்சி அதில் ஒரு பகுதி. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. ஆனால் ஒரு உப்பளத்தின் ஒரு கொட்டகைக்குள் எத்தனை டிகிரி என்பதை யாராவது போய் நின்றுதான் பார்க்க வேண்டும். அங்கே ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பது கிராம சுகாதார நர்ஸும் எங்கள் மாணவிகளும்.

யாருக்கு இது உதவும் என்றால், நர்சிங் கல்லூரியின் சமுதாய நலத் துறைக்கு, கிராமப் பணிக்குப் போகும் மருத்துவக் கல்லூரித் துறைகளுக்கு, வெயிலில் பிள்ளைகளை ஓடவிடும் பி.டி. ஆசிரியர்களுக்கு, தொழிற்சாலை நர்ஸுகளுக்கு. ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுப்பேன். மோட் பட்டனுக்கும் தானாக அணைவதற்கும் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். வீட்டில் வைத்துப் பார்க்க மட்டும் என்றால் வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டரும் இதற்கு மாற்றாகாது, அதில் உருண்டை இல்லை, வெயில் கணக்கிலேயே வராது. போனில் வரும் வெப்பக் குறியீடும் நிழலை மனதில் வைத்துப் போட்ட கணக்குத்தான்.

மனிதர்களிடம் எடை பார்ப்பதென்றால் கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நெறிமுறைக் குழு அனுமதி வாங்குங்கள், தமிழில் சம்மதப் படிவம் எழுதுங்கள், தலை சுற்றி விழுபவரை எந்த வண்டியில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பதை முதல் நாளே பேசி வையுங்கள். எங்களுக்கு ஒருமுறை அந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

பராமரிப்பு இவ்வளவுதான். உப்பளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைக்க வேண்டும், சென்சார் கூண்டின் மேல் துணி படக் கூடாது, ஊதவும் கூடாது. உருண்டையைத் துணியால் தேய்த்தால் கறுப்புப் பூச்சு பளபளக்கத் தொடங்கும், பளபளத்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பஞ்சு போன்ற பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். சீசன் முடிந்ததும் செல்லைக் கழற்றிவிடுங்கள். எங்கள் கருவியில் முதல் மழைக்காலத்தில் கழற்ற மறந்து ஸ்பிரிங் பச்சை பூத்துவிட்டது, உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்தோம். இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், மருந்துப் பாட்டில்களிலிருந்து சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, லேபில் மேல் தட்டில் இருக்கிறது. ஜனவரியில் பாத்திகளில் வேலை தொடங்கியதும் வாளிச் சோதனை வைக்க வேண்டும்.